பற்று நோட்டை எந்த நாளில் திறக்கிறார்கள்? கிரெடிட் கார்டு நிலுவையும் கடன் மதிப்பெண்ணும்

பாளையங்கோட்டையில் மாதப் பற்று வைத்து மளிகை வாங்கும் வீடுகள் இன்றும் உண்டு. மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வாங்கிவிட்டு, சம்பளம் வந்த முதல் வாரத்தில் மொத்தமாகத் தீர்த்துவிடுவார்கள். அந்தக் கடையின் நோட்டை 28ஆம் தேதி திறந்தால் அந்த வீட்டின் பெயரில் 9,000 ரூபாய் பற்று இருக்கும். 5ஆம் தேதி திறந்தால் ஒன்றும் இருக்காது. கடைக்கார அண்ணாச்சிக்கு அந்த வீட்டை இருபது வருடமாகத் தெரியும் என்பதால் எந்தத் தேதியில் பார்த்தாலும் அவருக்குக் கவலையில்லை. வீட்டை அறியாத ஒருவர் நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தால், அவர் எந்தத் தேதியில் பார்த்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய எண்ணம் அமையும். கிரெடிட் கார்டு நிலுவை ஒருவருடைய கடன் மதிப்பெண்ணைப் பாதிக்கும் விதம் ஏறக்குறைய இதுதான். கார்டைப் பயன்படுத்துவோரில் பலர் புரிந்துகொள்ளாமல் விடுவதும் இந்த ஒன்றைத்தான்.

கடன் மதிப்பெண், அதாவது நாம் பொதுவாக 'சிபில் ஸ்கோர்' என்று சொல்வது, ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்பதைக் கணிக்கும் 300 முதல் 900 வரையிலான ஓர் எண். சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். அதைப் போலவே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இங்கே இயங்குகின்றன. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற இந்த நான்கும் கடன் தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவலை ஆளுக்கொரு கடன் அறிக்கையாகத் தொகுத்து, தத்தம் கணக்கீட்டு முறைப்படி மதிப்பெண் தருகின்றன; ஆகவே ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வருவது இயல்பு. கிரெடிட் கார்டு மட்டுமல்லாமல் வீட்டுக்கடன், வாகனக்கடன், நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று என்று சொல்லத்தக்க நகைக்கடன் ஆகியவையும் அந்த அறிக்கையில் ஏறும். நகைதான் ஈடாக இருக்கிறதே என்று தவணை கடந்தும் மீட்காமல் விட்டால், அதுவும் தாமதமாகவே பதிவாகும்.

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவற்றில் முதன்மையானது, வாங்கியதை உரிய நாளில் திருப்பிச் செலுத்தினோமா என்பது. அதற்கு அடுத்தபடியாக முக்கியமானது, நமக்குத் தரப்பட்ட வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது. கார்டின் லிமிட் 50,000 ரூபாயாக இருந்து நிலுவை 10,000 ரூபாயாக இருந்தால் பயன்பாட்டு விகிதம் 20 விழுக்காடு. இது 30 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது அறிவுரைதானே தவிர, ரிசர்வ் வங்கி அப்படி ஒரு வரம்பை விதித்திருப்பதாக எண்ண வேண்டாம். 31 விழுக்காடு ஆனவுடன் மதிப்பெண் இடிந்து விழுந்துவிடுவதில்லை. விகிதம் கூடக்கூட, இவர் கடனை நம்பியே காலம் தள்ளுகிறார் என்று கணக்கீடு கருதத் தொடங்குகிறது, அவ்வளவே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்ணார்பேட்டையில் குடியிருக்கும் ஓர் ஆசிரியையிடம் 50,000 ரூபாய் லிமிட் உள்ள ஒரே ஒரு கார்டு இருக்கிறது. ஸ்டேட்மென்ட், அதாவது கார்டின் மாத பில், ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வரும், பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 3ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். தீபாவளியை முன்னிட்டு அக்டோபர் 8ஆம் தேதி ஜவுளியும் ஒரு ஃபிரிட்ஜுமாக 42,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்துவிட்டு, நவம்பர் 1ஆம் தேதி ஒரு பைசா பாக்கியில்லாமல் கட்டிவிடுகிறார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் பெருமாள்புரத்தில் வீடு வாங்குவதற்காகக் கடனுக்கு மனுக் கொடுத்திருந்தால், அப்போது வங்கி எடுத்துப் பார்க்கும் அறிக்கையில் அவருடைய பயன்பாட்டு விகிதம் 84 விழுக்காடாக இருக்கும். அவர் முழுத்தொகையையும் கட்டப்போகிறார் என்பது அந்த அறிக்கைக்குத் தெரியாது. 28ஆம் தேதி நோட்டைத் திறந்த வெளியாளின் நிலையில்தான் அந்த வங்கி இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. கடைசி நாள் வரை காத்திராமல், ஸ்டேட்மென்ட் தயாராகும் முன்பே, அதாவது அக்டோபர் 12ஆம் தேதி வாக்கில் 32,000 ரூபாயைக் கட்டியிருந்தால், ஸ்டேட்மென்டில் நிற்பது 10,000 ரூபாய்தான். விகிதம் 20 விழுக்காடு. செலவு அதே செலவு, கட்டியதும் அதே பணம், தேதி மட்டுமே மாறியிருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் தகவலை மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிவந்த வழக்கத்தை மாற்றி, 15 நாட்களுக்கு ஒருமுறையோ அதனினும் குறைந்த இடைவெளியிலோ அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. ஆகவே நிலுவையைக் குறைத்தால் அதன் பலனை முன்னைவிடச் சீக்கிரமே அறிக்கையில் பார்க்கலாம். நிலுவை கூடியதால் வந்த சரிவு, நிலுவை இறங்கியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். கடன் கேட்கும் எண்ணமே இல்லாதவர் இதற்காக மாதாமாதம் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை; கடன் கேட்கப்போகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்து கவனித்தால் போதும் என்பது என் கருத்து. ஸ்டேட்மென்ட் தேதி நம் சம்பள நாளோடு பொருந்தாமல் இருந்தால், அந்தச் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையும் கார்டு வைத்திருப்பவருக்கு உண்டு.

குறைந்தபட்சம் இவ்வளவாவது கட்ட வேண்டும் என்று 'மினிமம் டியூ' என்ற பெயரில் ஸ்டேட்மென்டில் அச்சிடப்படும் தொகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை மட்டும் கட்டினால் தாமதம் என்ற பதிவு விழாது என்பது உண்மை. ஆனால் மீதியெல்லாம் நிலுவையாகவே நிற்பதால் பயன்பாட்டு விகிதம் இறங்காது. அதோடு, மீதம் வைத்த மாதத்திலிருந்து புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காமல் போகும். 40,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 252 ரூபாய். ஆக 1,652 ரூபாய். நாம் கட்டியது 2,000 ரூபாய் என்றால் அசலில் கழிவது 348 ரூபாய் மட்டுமே. கந்துவட்டியைப் பற்றிக் கதை கதையாகப் பேசும் நம் ஊரில், ஆண்டுக்கு 42 விழுக்காடு என்பதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கட்டும் நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 2022 ஏப்ரல் 21 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்டு, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கார்டு விதிகள், கடைசி நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேல் பணம் வராமல் இருந்தால்தான் அந்தக் கணக்கைத் தவணை கடந்ததாகக் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவோ தாமதக் கட்டணம் விதிக்கவோ வேண்டும் என்கின்றன. தாமதக் கட்டணத்தையும் மொத்த பில் தொகைக்கு அல்லாமல், கட்டாமல் விட்ட தொகைக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். இந்த மூன்று நாளை யாரும் உரிமைத் தவணையாக எண்ணிவிடக் கூடாது. மூன்று நாள் கடந்துவிட்டால் தாமத நாட்களின் எண்ணிக்கை முதலில் குறித்த கடைசி நாளிலிருந்தே தொடங்கும். நிலுவை விகிதத்தைப் போல இந்தச் சுவடு அடுத்த மாதமே மறைவதும் இல்லை. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே கடந்த 36 மாதங்களின் கட்டங்கள் இருக்கும்; ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 என்றும், தாமதித்த மாதத்தில் எத்தனை நாள் என்றும் இருக்கும். கட்ட முடியாமல் வங்கியோடு பேசிக் குறைந்த தொகைக்கு 'செட்டில்மென்ட்' செய்துகொண்டால் கணக்கு முடியும். ஆனால் முழுதாகக் கட்டி முடித்ததாக அல்லாமல் 'செட்டில்டு' என்றே பதிவாகும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி தயங்கவே செய்யும்.

சிறிய தொகைதானே என்ற அலட்சியம்தான் பலரைக் கவிழ்க்கிறது. என் உறவினர் ஒருவர் ஆனித் தேரோட்டச் சமயத்தில் ரத வீதியோரம் மேசை போட்டிருந்த ஒரு முகவரிடம் கார்டுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் ஆண்டு கட்டணம் இல்லை என்றார்கள். ஒருமுறை பெட்ரோல் போட்டார், பில்லைக் கட்டினார், கார்டைப் பீரோவில் வைத்து மறந்துவிட்டார். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஆண்டுக் கட்டணம் 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் ஏறின. ஸ்டேட்மென்ட் அவர் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பைக் கடன் மறுக்கப்பட்டபோதுதான், அந்தக் கணக்கில் மூன்று மாதத் தாமதம் ஏறியிருப்பது தெரிந்தது. "ஐநூத்தித் தொண்ணூறு ரூவாய்க்கா இந்தப் பாடு?" என்று அவர் கேட்டார். அறிக்கையில் தொகை எவ்வளவு என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் கண்ணில் படுகிறது என்று சொன்னேன்.

பயன்படாத கார்டுகளுக்கென்றே ரிசர்வ் வங்கியின் அதே கார்டு விதிகளில் சில பாதுகாப்புகள் உண்டு. நாம் கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணமும் போட்டிருந்தால், அதை ரத்து செய்வதோடு அதுபோல் இரு மடங்கை நமக்கு அபராதமாகத் தர வேண்டும். கார்டு செயல்படுத்தப்படும் முன் அதைப் பற்றிய தகவலைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பக் கூடாது. ஓர் ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை வங்கி நமக்குத் தெரிவித்துவிட்டு, 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பாக்கியைத் தீர்ப்பதற்கு உட்பட்டு, மூடலாம். நாமே மூடச் சொல்லி, பாக்கி ஏதும் இல்லாமல் இருந்தால், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். லிமிட்டை நம் ஒப்புதல் இல்லாமல் உயர்த்தவும் கூடாது.

ஆனால் மூடும் முன் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 60,000, 40,000 என லிமிட் உள்ள இரண்டு கார்டுகளில் மொத்த நிலுவை 25,000 ரூபாய் என்றால் விகிதம் 25 விழுக்காடு. 60,000 ரூபாய் கார்டின் பாக்கியைத் தீர்த்து மூடிவிட்டு, அதே 25,000 ரூபாய் செலவை மற்றதில் வைத்தால் விகிதம் 62.5 விழுக்காடாகிவிடும். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டை, பெட்ரோலுக்கோ மின்கட்டணத்துக்கோ அவ்வப்போது பயன்படுத்தி வைத்திருப்பது மூடுவதைவிட மேல்.

அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. நாம் கடன் கேட்டு, அதற்காக வங்கி எடுக்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகிறது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றை ஜனவரியில், இன்னொன்றை ஏப்ரலில் என்று பிரித்து எடுத்தால் காசில்லாமலே ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். இதுவரை கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் முதல்முறைக் கடன் மனுவை நிராகரிக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அறிக்கையில் தவறு இருந்தால் கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ எழுத்து மூலம் புகார் தரலாம். 30 நாட்களுக்குள் அது தீர்க்கப்பட வேண்டும். அதில் வங்கி திருத்திய தகவலை அனுப்ப 21 நாட்கள். 30 நாட்களைக் கடந்தால், 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு புகார்தாரருக்குச் சேரும். தாமதம் யாருடையதோ அவர்கள் தர வேண்டும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். மதிப்பெண்ணைக் கணக்கிட்ட முறை சரியில்லை என்ற புகாருக்கு இந்த இழப்பீடு கிடையாது. ஆகவே 'என் ஸ்கோர் ஏன் குறைந்தது' என்று எழுதுவதை விட்டு, இந்தக் கணக்கில், இந்த மாதத்தில், இந்தத் தொகை தவறு என்று கட்டிய ரசீதின் நகலோடு எழுத வேண்டும்.

30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் இணையவழியில் முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் 1 முதல் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. முறையிடும் வழியைக் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதல் புகாரின் எண்ணும் தேதியும் அங்கே கேட்கப்படும் என்பதால், வங்கிக் கிளையில் நேரில் கொடுக்கும் கடிதமாக இருந்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டே வெளியே வர வேண்டும்.