ரெஃப்ரி கொடுத்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

சனிக்கிழமை இரவு ஐரோப்பிய லீக் கால்பந்து ஆட்டத்தைப் போனில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை புதுச்சேரி லாஸ்பேட்டைக்கோ கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கோ வருகிறவர்கள் முதலில் பேசுவது கோலைப் பற்றி அல்ல, ரெஃப்ரியைப் பற்றி. "அது பெனால்டியே இல்ல", "அந்தாளுக்குக் கண்ணு தெரியுமா", "காசு வாங்கிட்டான்". இது பேச்சோடு போனால் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் அதே மைதானத்தில் விசிலோடு நிற்கப்போவது கல்லூரியில் படிக்கிற ஒரு பையனாகவோ பெண்ணாகவோ இருக்கும். டிவியில் பார்த்த ரெஃப்ரி மேல் இருந்த கோபமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் அந்தப் பிள்ளை மேல் இறங்குகிறது.

நான் நடுவராக ஓடி முடித்து, இப்போது இந்த வட்டாரத்தில் நடுவர்களை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். கேலரியின் மேல் படியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு முடிவு சரியா தவறா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, நடுவர் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும், அந்த முடிவு ஆட்டத்தை எந்தப் பக்கம் கொண்டுபோனது. ரசிகர்கள் இந்த மூன்றையும் தாண்டிப் போய் ஸ்லோ மோஷனில் இருந்து தொடங்குகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பிய நாடுகளின் உயர்மட்ட நடுவர்களிடம் ஒரே மாதிரியான டேக்கிள்களைச் சாதாரண வேகத்திலும் மெதுவாகவும் காட்டினார்கள். ஃபவுலா இல்லையா என்று சொல்வதில் பெரிய வித்தியாசம் வரவில்லை. என்ன அட்டை என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மெதுவாகப் பார்த்தவர்கள் கடுமையான அட்டையைக் கொடுத்தார்கள். வேகம் குறைந்ததும், அரை நொடியில் தடுமாறிப் பட்ட கால், யோசித்து வைத்த கால் மாதிரித் தெரிகிறது. பயிற்சி பெற்ற நடுவருக்கே இப்படி என்றால், தன் அணி தோற்ற ஆத்திரத்தில் நாலு தடவை ஓட்டிப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? எங்கே பட்டது என்று பார்க்க ஸ்லோ மோஷன் உதவும். எவ்வளவு வேகத்தில் பட்டது என்று பார்க்க அது உதவாது.

சட்டத்துக்கு வருவோம். எங்கள் மைதானங்களில் அதிகம் கேட்கும் வாதம் "பந்தைத்தான எடுத்தான்" என்பது. பந்தை முதலில் தொட்டுவிட்டால் ஃபவுல் இல்லை என்று ஆட்டச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 12-ஆவது விதி ஃபவுலை மூன்று படிகளில் பார்க்கச் சொல்கிறது. கவனமில்லாமல் போய் மோதினால் ஃப்ரீ கிக்கோடு சரி, அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று கவலைப்படாமல் போய் விழுந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு போய் எதிராளியின் உடம்புக்கே ஆபத்து உண்டாக்கினால் சிவப்பு. இந்த மூன்று படிகளும் மனதில் இருந்தால், நீங்கள் டிவியில் பார்க்கும் சண்டைகளில் பாதி தானாகத் தீரும். பந்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அதே வீச்சில் பூட்ஸின் அடியை எதிராளியின் முழங்காலில் பதித்தால் அது சிவப்புதான்.

"கடைசி ஆள், அதனால ரெட் கார்டு" என்பதும் அப்படித்தான். கடைசி ஆள் என்ற பேச்சே விதியில் கிடையாது. தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுத்தாரா என்பதுதான் கேள்வி. அதற்கு நடுவர் பார்க்க வேண்டியவை: கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, பந்து கோல் அடிக்கப் போனவரின் கட்டுப்பாட்டில் இருந்ததா அல்லது வந்திருக்குமா, மற்ற தடுப்பாட்டக்காரர்கள் எத்தனை பேர், எங்கே. பக்கவாட்டுக் கோட்டை நோக்கி ஓடுகிறவரைக் கடைசி ஆளே இழுத்துப் பிடித்தாலும் மஞ்சளோடு முடியலாம். 2016-இல் வந்த மாற்றத்தையும் பலர் கவனிக்கவில்லை. பெனால்டி பகுதிக்குள் பந்துக்காக முயன்று செய்த ஃபவுல் என்றால் பெனால்டியும் மஞ்சளும்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ தள்ளினாலோ சிவப்பு அப்படியே இருக்கிறது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு சம்பவங்களில் ஒருவர் வெளியே போவதும் இன்னொருவர் உள்ளே இருப்பதும் ஓரவஞ்சனை இல்லை, விதியே அப்படி. ஹேண்ட் பால் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன்: கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை.

அடுத்தது இடம். எனக்கு இதுதான் முக்கியம். விசில் சத்தம் கேட்டதும் எல்லோரும் விழுந்த ஆட்டக்காரரைப் பார்ப்பார்கள். நான் நடுவரின் கால்களைப் பார்ப்பேன். எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், நிற்கிறாரா ஓடிக்கொண்டிருக்கிறாரா, இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவருக்குத் தெரியுமா என்று குறித்துக்கொள்வேன். இருவரும் ஒருவரையொருவர் மறைக்கும் கோணத்தில் நின்றால் ஐந்து மீட்டரில் இருந்தும் பயனில்லை. இடைவெளி தெரிகிற பக்கம் நின்றால் பதினைந்து மீட்டரும் போதும்.

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கில் ஒரு கோடைக்கால ஆட்டம். நடுவர் இளம்பெண், முதல் வருடம்தான். இடது ஓரத்தில் பந்தோடு போன பையனைத் தடுப்பாட்டக்காரர் சறுக்கி மடக்கினார். பந்து கோட்டுக்கு வெளியே போனது. கேலரியில் இருந்து பார்த்த எங்களுக்கு அருமையான டேக்கிள். அந்தப் பெண் விசில் ஊதி ஃப்ரீ கிக்கும் மஞ்சளும் கொடுத்தார். பெஞ்சில் இருந்த கோச், "பந்துலதாம்மா பட்டுச்சு!" என்று எல்லைக்கோடு வரைக்கும் ஓடி வந்துவிட்டார். நடுவர் கோச்சிடம் போகவில்லை. கேப்டனைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, ஃப்ரீ கிக்குக்கான தூரத்தைக் காட்டப் போய்விட்டார். இடைவேளையில் கோச் என்னிடம் வந்து, "சார், நீங்களே சொல்லுங்க" என்றார். "முன்னங்கால் பந்துல பட்டுச்சு, சரி. பின்னங்கால் எங்க போச்சு?" என்று கேட்டேன். அவர் பார்க்கவில்லை. அடிபட்ட பையன் கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளை சாக்ஸில் பூட்ஸ் அடியின் தடம் இரண்டு மண்புள்ளிகளாகப் பதிந்திருந்தது. நடுவர் அந்த இருவருக்கும் பின்னால், இடைவெளி தெரியும் பக்கம் நின்றார். நாங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் இருந்தோம்.

பெரிய ஆட்டங்களிலும் இதே கதைதான். 2010 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் வைத்தார். நடுவர் ஹவர்ட் வெப் கொடுத்தது மஞ்சள். தன் பார்வை மறைக்கப்பட்டிருந்ததைப் பின்னால் அவரே சொன்னார். அது சிவப்பு என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அது காசு வாங்கிக் கொடுத்த முடிவு இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் போன முடிவு. அதே தொடரில் புளூம்ஃபொன்டெய்னில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல் கொடுக்கவில்லை. லைன்ஸ்மேனை உலகமே திட்டியது. அவர் நிற்க வேண்டிய இடம் கோல் கோடு அல்ல. கோலில் இருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் தடுப்பு அணி ஆட்டக்காரருக்கு நேராக நிற்க வேண்டும், ஆஃப்சைடு பார்ப்பதற்காக. தூரத்தில் இருந்து அடித்த பந்தோடு போட்டி போட்டு கோல் கோடு வரை ஓட யாராலும் முடியாது. அதனால்தான் 2012-இல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. மனிதக் கண்ணால் முடியாததைக் கருவியிடம் கொடுத்தார்கள். நம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை) இல்லாமலே எத்தனையோ பருவங்கள் நடந்திருக்கின்றன. பத்து கேமராவில் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கோணத்தில் பார்த்த மனிதரைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தைக் கையில் வைத்திருப்பது. இதை ஒரு முடிவை வைத்துச் சொல்ல முடியாது. முதல் கால் மணி நேரத்தைக் கவனியுங்கள். அதற்குள் இரண்டு அணிகளும் நடுவரைச் சோதித்துப் பார்த்துவிடும். பின்னால் இருந்து ஓர் இடி, விசிலுக்கு அப்புறம் பந்தைத் தட்டிவிடுவது, அட்டை கேட்டுக் கையை ஆட்டுவது. எதற்கு வாயால் சொன்னால் போதும், எதற்கு அட்டை வேண்டும் என்று அங்கேயே தெரிய வேண்டும். 2006 உலகக்கோப்பையில் நியூரம்பெர்கில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் ஆடிய ஆட்டத்தில் 16 மஞ்சள், 4 சிவப்பு. ரஷ்ய நடுவர் வாலன்டின் இவானோவ் கண்டிப்பு போதாமல் கோட்டை விட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் இரண்டாவது நிமிடத்திலேயே அட்டையை எடுத்துவிட்டார். ஏழாவது நிமிடத்தில் ரொனால்டோவின் தொடையில் பூட்ஸைப் பதித்தவருக்கும் மஞ்சளே கொடுத்தார். சாதாரண ஃபவுலுக்கும் இதற்கும் ஒரே விலை என்று ஆனதும் ஆட்டக்காரர்கள் அவரவர் கணக்கை அவரவரே தீர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அட்டைகளின் எண்ணிக்கையை வைத்துக் கண்டிப்பை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போடும் சத்தமும் இதில் சேர்த்தி. 2002-இல் இங்கிலாந்தில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் டேக்கிள்களைக் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் விலைபோனவர்கள் இல்லை. சந்தேகம் வரும்போது மனது சத்தத்தின் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். அனுபவமுள்ளவர் அதை எதிர்த்து நிற்கப் பழகியிருப்பார். இருபது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சுற்றி நிற்கும் இருநூறு பேரும் கத்தும்போது அடுத்த ஃபவுலை விடும். அது யாருக்காவது அடிபடுவதில் முடியும். அடிபடுவது உங்கள் பையனாகவும் இருக்கலாம். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார் என்று பெருமைப்படுகிறோம். திண்டுக்கல்லில் இருந்து ரூபா தேவி ஃபிஃபா நடுவரானதை எத்தனை பேர் பேசுகிறோம்? நன்றாக வரக்கூடிய பிள்ளைகள் ஒன்றிரண்டு டோர்னமென்டோடு விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அப்போ தப்பே நடந்தால் வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் எந்தத் தப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபவுலா, ஆஃப்சைடா, கோலா என்பவை ஆட்டத்தின் நிகழ்வுகள். அவற்றில் நடுவரின் முடிவே இறுதி என்று 5-ஆவது விதி சொல்கிறது. சட்டத்தையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அது வேறு. ஒரே ஆளுக்கு இரண்டாவது மஞ்சள் காட்டிவிட்டு வெளியே அனுப்பாமல் விட்டால், ஆட்டத்தைத் தப்பான முறையில் மறுபடி தொடங்கினால், போட்டி விதிகளில் சொன்ன நேரத்துக்குள், சொன்ன ஆளிடம், எழுத்தில் கொடுங்கள். மைதானத்தை விட்டு மட்டும் வெளியேறாதீர்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். ஆட்டத்தில், பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி கூடுதல் நேரத்தில் சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலானதும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வெளியேறியது. தடுப்பாட்டக்காரர்கள் சுவராக நிற்க நடுவர் நேரம் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைப் பேச இடம் இருந்தது. வெளியேறியதால் ஆட்டமும் போய், அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் கோச்சுக்குப் 10 ஆட்டத் தடையும் வந்தன.

எழுத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2005-இல் தாஷ்கென்ட்டில் நடந்ததைப் பாருங்கள். உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் பஹ்ரைனுக்கு எதிராக உஸ்பெகிஸ்தான் பெனால்டியை கோலாக்கியது. அடிப்பதற்குள் அவர்கள் ஆள் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். அப்போதைய விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்க வைத்திருக்க வேண்டும். ஜப்பான் நடுவர் அதற்குப் பதிலாகக் கோலை ரத்து செய்து பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். 1-0 என்று ஜெயித்திருந்தும் உஸ்பெகிஸ்தான் புகார் கொடுத்தது, 3-0 என்று அறிவிக்கக் கேட்டது. நடுவர் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியதை ஃபிஃபா ஒப்புக்கொண்டு, முடிவை ரத்து செய்து ஆட்டத்தை மறுபடி நடத்தியது. மறு ஆட்டம் 1-1. அடுத்த ஆட்டம் பஹ்ரைனில் 0-0. வெளியூர் கோல் கணக்கில் (மொத்தம் சமமானால் எதிரணி ஊரில் அதிகம் அடித்தவருக்கு வெற்றி) பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குப் போனது.