கிரெனடின்: மாதுளைப் பாகு

கிரெனடின் என்பது மாதுளம்பழச் சாற்றில் சர்க்கரையைக் கரைத்துச் செய்யும் சிவப்புப் பாகு. டெக்கீலா சன்ரைஸ் என்ற காக்டெய்லின் அடியில் தேங்கி நிற்கும் சிவப்பும், பக்கார்டி காக்டெய்லின் ரோஜா நிறமும், மது சேராத ஷெர்லி டெம்பிளின் செம்மையும் இதிலிருந்துதான் வருகின்றன. சிவப்பு காக்டெய்ல் எதையாவது வீட்டில் கலக்க நினைப்பவர் முதலில் சரியாகச் செய்யவேண்டியது இந்தப் பாகைத்தான்.

பிரெஞ்சில் 'கிரனாட்' என்றால் மாதுளம்பழம். அதற்கு மூலம் லத்தீனின் 'கிரானாட்டும்', அதாவது விதை நிறைந்தது. மாதுளையின் தாவரவியல் பெயரான பியூனிகா கிரனேட்டத்திலும் இதே சொல்தான் இருக்கிறது. கையெறிகுண்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயரும் இந்தப் பழத்தின் பெயரே. தென் தமிழகக் கடற்கரை மணலில் கிடைக்கும் செந்நிறத் தாதுவான கார்னெட்டின் பெயரும் இதே வேரில் வந்த சொல். தமிழில் சிலர் 'கிரெனடைன்' என்று எழுதுகிறார்கள். கடைசி அசை 'டைன்' அல்ல. 'டின்' அல்லது 'டீன்' என்று எழுதுவதே ஒலிக்கு நெருக்கம்.

பெயர் மாதுளையைச் சொன்னாலும், கடையில் விற்கும் புட்டிகள் பலவற்றில் மாதுளைச் சாறு ஒரு துளிகூட இல்லை. சோளப்பாகு அல்லது சர்க்கரை, சிட்ரிக் அமிலம், செயற்கை நிறம், மணமூட்டி, அவ்வளவே. வாங்கும்போது புட்டியின் பின்புறம் உள்ள பட்டியலில் மாதுளைச் சாறு முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் சிவப்புச் சர்க்கரைப் பாகு; கிரெனடின் என்று அழைக்கத் தகுதியில்லாதது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சித்த மருத்துவத்தில் மாதுளை மணப்பாகு என்றே ஒன்று உண்டு. மாதுளம்பழச் சாறு, கற்கண்டு, பன்னீர், தேன் சேர்த்துக் காய்ச்சுவது. சாற்றோடு இனிப்பைச் சேர்த்துக் காய்ச்சி மணமேற்றுவதற்கு 'மணப்பாகு' மிகப் பொருத்தமான சொல். கிரெனடினிலும் ஆரஞ்சுப் பூ நீரைச் சில துளி விடும் வழக்கம் இருக்கிறது. செய்முறை அந்த அளவுக்கு ஒத்துப்போகிறது. ஆனாலும் மணப்பாகு மருந்துக்கடைப் பொருளாகவே அறியப்படுவதால், பானங்களின் குறிப்பில் 'மாதுளைப் பாகு' என்று எழுதுவதே குழப்பமில்லாதது என்பது எங்கள் கருத்து. மருந்தாக விற்கும் மணப்பாகைக் காக்டெய்லில் ஊற்ற வேண்டாம். அதன் அளவும் நோக்கமும் வேறு.

செய்வதற்கு 250 மி.லி. சாறும் 250 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் போதும். நன்றாகப் பழுத்த பெரிய பழம் இரண்டு அல்லது மூன்று தேவைப்படும். பழ வகையைக் கவனியுங்கள். கணேஷ் வகையின் முத்துகள் இளஞ்சிவப்பு. பாகும் வெளிறித்தான் வரும். சோலாப்பூர்ப் பக்கம் விளையும் பக்வா வகையில் முத்து அடர்சிவப்பாக இருக்கும், அதுவே வேண்டும். முத்துகளை மட்டும் உதிர்த்தெடுத்து, மெல்லிய துணியில் கட்டிக் கையால் பிழியுங்கள். மிக்ஸியில் ஓடவிட்டால் விதை உடைந்து கசப்பு இறங்கும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் கலந்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வரும். பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தத் துவர்ப்பு போகாது.

சாற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீயில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே வரும்வரை வைத்து, சர்க்கரை முழுதும் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கொதிக்க விடாதீர்கள். மாதுளையின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அதிகச் சூட்டில் அது சிதைந்து பழுப்பாகும், புதுப் பழத்தின் வாசனையும் போய்விடும். கம்பிப்பதம் வரை காய்ச்சுவது இனிப்புப் பலகாரத்துக்குச் சரி. இங்கே குலாப்ஜாமூன் பாகை விடவும் நீர்த்திருக்க வேண்டும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம். சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும்.

ஆறியதும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். ஆந்தோசயனின் புளிப்பில் பளிச்சென்று சிவக்கும். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) ஏறினால் நீலமும் சாம்பலும் கலந்து மங்கும். சமையல் சோடா சேர்ந்த சோடா நீரை ஊற்றினால் பானம் சிவப்பை இழந்து அழுக்கு நிறமாவது இதனால்தான். அந்தப் பானத்தில் கூடவே எலுமிச்சையும் இருக்கட்டும். ஆரஞ்சுப் பூ நீர் கிடைக்காவிட்டால் கால் தேக்கரண்டி பன்னீர் போதும். கூடினால் ரோஸ்மில்க் வாசனை வந்து பழத்தை மறைத்துவிடும். கொதிநீரில் கழுவி உலர்த்திய புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். மேலே நுரையோ புளித்த வாடையோ வந்தால் நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், கொட்டிவிடுங்கள்.

இந்தப் பாகின் தரத்தைச் சோதிக்கச் சிறந்த பானம் பக்கார்டி காக்டெய்ல். வெள்ளை ரம் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., பாகு 10 மி.லி. ஷேக்கரில் நிறைய ஐஸ் போட்டுப் பன்னிரண்டு நொடி ஓங்கிக் குலுக்கி, குளிரவைத்த கோப்பையில் வடிகட்டுங்கள். மூன்றே பொருள் என்பதால் மட்டமான பாகு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பக்கார்டி என்பது ஒரு ரம் நிறுவனத்தின் பெயர் என்பதால், வேறு ரம் ஊற்றி இதே பெயரில் விற்கக்கூடாது என்று 1936இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் எந்த வெள்ளை ரம்மும் ஆகும்.

டெக்கீலா சன்ரைஸுக்கு வரிசைதான் முக்கியம். உயரமான கிளாஸில் ஐஸ், 45 மி.லி. டெக்கீலா, 90 மி.லி. ஆரஞ்சுச் சாறு, கடைசியில் 15 மி.லி. பாகை ஓரமாக மெல்ல விடவேண்டும். பாகு ஆரஞ்சுச் சாற்றைவிட அடர்த்தியானது என்பதால் அடிக்குப் போய்த் தங்கும். அடுக்கு நிற்காமல் கலங்கினால், ஒன்று பாகில் சர்க்கரை குறைவு, அல்லது ஊற்றிய பிறகு கிளறியிருக்கிறீர்கள். வீட்டுப் பாகில் கடைப் புட்டியின் கண்ணைப் பறிக்கும் சிவப்பு வராது. சற்று ஆழ்ந்த, ஒயின் சாயலுள்ள சிவப்பு வரும். அதுவே மாதுளையின் சொந்த நிறம்.

குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஷெர்லி டெம்பிள்: 15 மி.லி. பாகு, 150 மி.லி. ஜிஞ்சர் ஏல் (இஞ்சிச் சுவையுள்ள, மது இல்லாத சோடா பானம்), அரை மூடி எலுமிச்சை, மேலே ஒரு செர்ரி.