யாழ்தேவியின் நேரத்தைச் சல்லிக்கல் எப்படித் தீர்மானிக்கிறது?

கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் யாழ்தேவிப் புகையிரதம் 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ஓடுவது நின்றது. பின்னாலேயே பாதையும் போயிற்று. தண்டவாளங்களும் அவற்றை அடியில் தாங்கும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போய்ச் சேர்ந்தன. யுத்தம் முடிந்தபின் இந்தியக் கடனுதவியில் அந்நாட்டு அரசின் இர்கோன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று வண்டி ஒவ்வொரு ஊராக வந்து சேர்ந்தது. தெற்கே கிடந்த பழைய பாதையின் முறை பிறகுதான் வந்தது. அநுராதபுரம்–வவுனியா பகுதியை 2023 ஜனவரியிலிருந்து ஜூலை வரை மூடியே திருத்த வேண்டியிருந்தது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நடுவில் 2 கிலோமீற்றர் மட்டும் பழுது, அங்கே வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர் என்று வையுங்கள். 100இல் 72 வினாடியில் கடக்கும் தூரத்துக்கு 4 நிமிடம் பிடிக்கும். முன்கூட்டியே வேகம் குறைக்கவும், கடைசிப் பெட்டி தாண்டியபின் மறுபடி வேகம் எடுக்கவும் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். இப்படி ஐந்து இடம் இருந்தால் இருபது நிமிடம் போய்விடும். எவ்வளவு பலமான எஞ்சின் பூட்டினாலும் அதை மீட்பது கடினம்.

அந்தப் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிலிப்பருக்கு அடியில் இருக்கும். அங்கே 25 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சல்லிக்கல் வேண்டும். கூர் விளிம்புள்ள கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பாரத்தைப் பரப்புகின்றன. இடுக்கு வழியே மழைநீர் வடிகிறது. வயற்களி மேலேறி அந்த இடுக்கை அடைத்துவிட்டால், சக்கரம் ஏறும்போதெல்லாம் சேறு பீறிட்டு வரும். சிலிப்பரைச் சுற்றி வெள்ளையாய்க் காய்ந்த சேறு தெரிந்தால் அந்த இடத்தில் பாதையின் அடித்தளம் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். மேலே புதுக்கல் கொட்டிப் பயனில்லை. அள்ளிச் சலித்து, வடிகால் வெட்டி, பிறகுதான் நிரப்ப வேண்டும்.

நிரப்பியபின் இயந்திரம் பாதையைத் தூக்கிப் பிடித்து, அதிரும் இரும்பு விரல்களைச் சல்லிக்குள் இறக்கி, வினாடிக்குச் சுமார் 35 அதிர்வில் கற்களைச் சிலிப்பருக்கு அடியில் நெருக்கும். மட்டம் சரியாகிவிடும். ஆனால் கலைத்த கல்லுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. அதனால்தான் புதிதாகத் திருத்திய பாதையிலும் சில நாள் மெதுவாக ஓட்டுகிறார்கள். ஓடும் வண்டிகளின் பாரமே கல்லை இறுக்கும். இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

தண்டவாளங்களை ஒட்டுவது அலுமினியத் தூளும் இரும்பு ஒட்சைட்டும். இரு முனைகளுக்கும் இடையே சுமார் 25 மில்லிமீற்றர் விட்டு, மணல் அச்சைப் பொருத்தி, முனைகளைச் சூடேற்றிய பிறகு கலவையைக் கொளுத்துவார்கள். 2000 பாகைக்கு மேல் கொதிக்கும் உருக்கு இறங்கி இடைவெளியை நிரப்பும்; கசடு மேலே மிதக்கும். அச்சில் ஈரம் இருந்தால் உள்ளே காற்றுக்குமிழி தங்கும். முன்சூடு போதாவிட்டால் ஒட்டு வெளியே பளபளக்கும், உள்ளே பிடிக்காது. மீயொலிச் சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒட்டிய நீள் தண்டவாளத்துக்கு விரிய இடமில்லை. மீற்றருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம், பூட்டியபோது இருந்ததைவிட 30 பாகை கூடுதலாகச் சுட்டால், உள்ளே சுமார் 49 தொன் அழுத்தம் சேரும். சிலிப்பர் முனைகளுக்கு வெளியே, பாதையின் தோளில் சல்லி குறைந்த இடத்தில் அது பாம்பாய் வளையும். அதற்காகவே பூட்டும் வெப்பநிலையைக் கணக்கிட்டுத் தேர்கிறார்கள்.

பாதை திருந்தினாலும் பொல்காவலைக்கு வடக்கே ஒற்றை வழிதான். எதிர்வண்டிகள் நிலையத்தில்தான் மாற முடியும். ஒன்று பிந்தினால் எதிரே வருவதும் காத்திருக்கும். காலையில் பிந்தி வந்த பெட்டித்தொடரே மாலையில் திரும்பப் போகவேண்டியிருந்தால் அந்தத் தாமதமும் கூடவே போகும். மாறும் நிலையங்கள் நெருக்கமாக இருந்து, சமிக்ஞை உடனே விழுந்தால் காத்திருப்பு குறையும். காவலில்லாத கடவைகளும் கால்நடைகளும் தனிக் கவலை. அங்கே உயிரும் போகிறது, அட்டவணையும் குலைகிறது.

வடக்கில் ஒக்டோபரிலிருந்து மழை. செப்டெம்பருக்குள் பாதையோர வாய்க்காலையும் மதகுகளையும் தூர்வாரி முடித்திருக்க வேண்டும். டிசம்பரில் சேறு கண்ட பிறகு கல் கொட்ட வந்தால், வண்டி மறுபடி 30இல்தான் ஊரும்.