மாடு விற்ற காசுக்கு எங்கே பில்?

பறக்கும் படையிடம் பணத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர்களில், இந்தத் தேர்தலில் இவர் ஆறாவது ஆள். வெள்ளிக்கிழமை காலை நான் அலுவலகத்தைத் திறக்க வந்தபோதே படியில் உட்கார்ந்திருந்தார். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் விவசாயி, வயது அறுபதைத் தாண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் இரண்டு கறவை மாடுகளை விற்றிருக்கிறார். 1,34,000 ரூபாய். மகனோடு டூவீலரில் ஊர் திரும்பும் வழியில் தேர்தல் பறக்கும் படை நிறுத்தி, மடியில் இருந்த மஞ்சள் பையைப் பிரித்து, “பில் எங்கே?” என்று கேட்டிருக்கிறது. இல்லை என்றதும் பணத்தை எடுத்துக்கொண்டது.

பொய்கைச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே விலை பேசுவதே துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை படிந்தது என்று தெரியாது. பேச்சு முடிந்ததும் பணம் கை மாறும், கயிறு கை மாறும், தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். “இன்னா சார் இது? நான் வளத்த மாட்டை நான் வித்ததுக்கு யார்கிட்ட பில்லு வாங்கணும்?” என்றார் பெரியவர். முப்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிற எனக்கு இதைவிடச் சரியான கேள்வி வந்ததில்லை. பில் கொடுப்பது விற்றவன், வாங்குவது வாங்கியவன். இவரோ விற்றவர். போதாக்குறைக்கு உயிருள்ள மாட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

எனக்கு எரிச்சல் வந்தது அங்கே மட்டும் இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் இவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். பணம் பிடித்ததற்குக் கொடுத்த தாள் சட்டைப் பையில் எட்டாக மடிந்து வியர்வையில் நனைந்து கிடந்தது. பிரித்தே பார்க்கவில்லை. யாரிடம் முறையிட வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருந்தது.

இப்போது அந்த ஐம்பதாயிரம் கதைக்கு வருகிறேன். டீக்கடையில் ஆரம்பித்து வாட்ஸ்அப் வரை எல்லாரும் சொல்வது: “தேர்தல் நேரத்துல ஐம்பதாயிரத்துக்கு மேல கையில வச்சிருந்தா குற்றம்.” இல்லை. மறுபடியும் சொல்கிறேன், இல்லை. பொதுமக்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த எண் வருவது தேர்தல் ஆணையம் பறக்கும் படைக்கும் நிலைக் கண்காணிப்புக் குழுவுக்கும் கொடுத்திருக்கும் செயல்முறை வழிகாட்டுதலில். அதில் இருப்பது இதுதான்: வேட்பாளர், அவருடைய ஏஜென்ட், கட்சிக்காரர் ஆகியோர் போகும் வண்டியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் இருந்தாலோ, அந்த வண்டியில் போஸ்டரோ தேர்தல் சாமான்களோ மதுவோ ஆயுதமோ பத்தாயிரத்துக்கு மேல் மதிப்புள்ள பரிசுப் பொருள்களோ இருந்தாலோ பறிமுதல் செய்யலாம். வண்டியில் இருப்பது யார், கூட என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாடு விற்றுவிட்டுப் போகிற விவசாயி இதில் எங்கே வருகிறார்?

இன்னும் கேளுங்கள். ஒரு வண்டியில் பத்து லட்சத்துக்கு மேல் பணம் இருந்து, குற்றம் என்று சந்தேகமும் இல்லை, கட்சித் தொடர்பும் இல்லை என்றால், கண்காணிப்புக் குழு அதைக்கூடப் பறிமுதல் செய்யாமல் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். அதே ஏட்டில், நட்சத்திரப் பேச்சாளர் தன் சொந்தச் செலவுக்கு ஒரு லட்சம் வரை வைத்திருந்தால் அதை எடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவருக்கு ஒரு லட்சம் வரை பயமில்லை. இரண்டு மாட்டை விற்றவருக்குப் பில் வேண்டும்.

நடுரோட்டில் வெயிலில் நிற்கிற அலுவலர்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘இன்று எவ்வளவு பிடித்தீர்கள்’ என்று மேலிருந்து கேட்டால் கீழே இருப்பவர் கண்ணில் படுவதை எடுப்பார். கண்ணில் படுவது மஞ்சள் பைதான்.

வேலூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல், வருமான வரிச் சோதனையில் கோடிக்கணக்கில் பணம் சிக்கியதால் இரண்டு நாள் முன்பு ரத்தானது. அதே 18ஆம் தேதி, இதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் நடந்தது. நாடாளுமன்றத்துக்கு ஆகஸ்ட் 5 அன்று தனியாக ஒரு தேர்தல். மறுபடி பிரச்சாரம், மறுபடி பந்தல், மறுபடி சோதனை. அந்த வருடம் என் கட்சிக்காரர்கள் (அரசியல் கட்சி இல்லை, என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களை அப்படிச் சொல்லிப் பழக்கம்) இரண்டு தடவை ரொக்கத்தைக் கட்டிக்கொண்டு பயந்தார்கள். ஆரணிப் பட்டு, நெல் மண்டி, ஆம்பூர்த் தோல், ராணிப்பேட்டை ஜாப் ஒர்க் என்று எல்லா வியாபாரமும் இரண்டு தடவை படுத்தது.

செலவைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். சட்டமன்றத் தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 16 ரூபாய். ஒரு டீ குடித்து வடை கடித்தால் முடிந்தது. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. ஒரு தடவை சுயேச்சை ஒருவருக்குச் செலவுப் பதிவேடு எழுதிக் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. டீ, நாற்காலி, மைக் செட் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப் பட்டியல் போட்டிருக்கும். பாவம், அந்த மனிதர் உண்மையிலேயே எட்டு நாற்காலிதான் வாடகைக்கு எடுத்திருந்தார், எட்டு என்றே எழுதினோம். எதிர்ப்புறம் மைதானம் நிறைய நாற்காலி போட்டவர்களின் கணக்கும் வரம்புக்குள்தான் முடிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தொழில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? பணம் எடுத்தது வங்கியிலிருந்து என்றால் அன்றைய பதிவோடு பாஸ்புக்கைக் கையில் வையுங்கள். போன மாதம் பதிந்த பாஸ்புக்கைக் காட்டிவிட்டு “இது போதும்னு நெனச்சேன்” என்று என்னிடம் வராதீர்கள். சந்தைக்குப் போனால் நுழைவுக்குக் கொடுக்கும் சுங்கச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். அதன் பின்பக்கம் என்ன மாடு, என்ன விலை, யாருக்கு, அவர் போன் நம்பர் என்று நான்கு வரி எழுதி வாங்கியவரிடம் ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்கள். அந்த நான்கு வரிதான் உங்கள் பில்.

பொய் சொல்லாதீர்கள், தயவுசெய்து. சோதனையை வீடியோ எடுக்கிறார்கள், நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையே அதில் பதிவாகிறது. நெல் போட்ட பணத்தை, பயத்தில் “கல்யாணச் செலவுக்கு” என்று ஒருவர் சொல்லிவிட்டார். பத்திரிகை எங்கே என்றால் இல்லை, மண்டிச் சீட்டோ சட்டைப் பையிலேயே இருந்தது. அதை அப்புறம் காட்டியும் யார் நம்புவார்கள்?

கட்சிக் கொடி கட்டிய வண்டியில் லிஃப்ட் கேட்டு ஏறாதீர்கள். கிளைச் செயலாளராக இருக்கிற மச்சானோடு பணத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே சொன்ன ஐம்பதாயிரம் விதி அப்போது நிஜமாகவே உங்கள் மேல் பாயும். அடுத்தவர் பணத்தை உங்கள் பையில் சேர்த்துக் கொண்டுபோவதும் வேண்டாம். பெண்களின் கைப்பையைப் பெண் அலுவலர் இல்லாமல் சோதிக்கக் கூடாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலூருக்குச் சிகிச்சைக்கு ரொக்கத்தோடு ரயிலேறி வருகிறவர்களுக்கு லாட்ஜ் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆஸ்பத்திரி நம்பர் கார்டையும் டாக்டர் சீட்டையும் பணத்தோடேயே வைக்கச் சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் அவர்கள் வேறு எதைக் காட்டுவார்கள்?

எடுத்துவிட்டார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். வீடியோவுக்கு முன்னால் நோட்டுகளை எண்ணச் சொல்லுங்கள், தொகை எழுதாத தாளில் கையெழுத்து போடாதீர்கள், ரசீதை வாங்குங்கள், வாங்கியதைப் படியுங்கள். மாவட்டத்தில் மூன்று பேர் குழு ஒன்று இருக்கிறது: ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநர், தேர்தல் செலவுக் கண்காணிப்புக்குப் பொறுப்பான அலுவலர், மாவட்டக் கருவூல அலுவலர். வழக்குப் பதிவாகாமல், கட்சித் தொடர்பும் இல்லாத பணத்தை விடுவிக்க உத்தரவு போடுவது அவர்கள் வேலை. வழக்கு இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் கருவூலத்தில் வைத்திருக்கக் கூடாது. இதற்குச் சிபாரிசு வேண்டாம், ‘பத்து பர்சன்ட் கொடு, நான் வாங்கித் தரேன்’ என்று வரும் இடைத்தரகர் வேண்டவே வேண்டாம். வெள்ளைத் தாளில் ஒரு மனு, ரசீது நகல், பணம் வந்த வழிக்கு ஆதாரம். அவ்வளவுதான்.

பெரியவருக்கு ஆதாரம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மாட்டை வாங்கியவர் சித்தூர்க்காரர், பெயர் தெரியாது. தரகரைப் பிடித்து, அவர் போனில் நம்பரைத் தேடி, கடைசியில் சித்தூர்க்காரர் அந்த இரண்டு மாட்டின் போட்டோவை அனுப்பினார். ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுழி. பெரியவர் மகனின் போனில் இருந்த பழைய பொங்கல் போட்டோவிலும் அதே சுழி. இரண்டையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்தோம். ஒன்பதாவது நாள் பணம் முழுதாக வந்தது. அந்தப் பணத்தில் வாங்குவதாகப் பேசி வைத்திருந்த சினை மாடு அதற்குள் வேறு கைக்குப் போய்விட்டது.

“அடுத்த செவ்வாய் மறுபடி சந்தைக்குப் போறேன் சார்” என்று எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, என் மேசையில் இருந்த பேனாவைக் காட்டி, “இதைக் குடுங்க, சீட்டுப் பின்னாடி எழுதணும்ல” என்று வாங்கிக்கொண்டு போனார்.