வலைப்பதிவா, வலைப்பூவா?

பிளாக் (blog) என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மரக்கட்டை கிடக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகத்தை அளக்க, ஈயம் வைத்த ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள். அதன் பெயர் லாக், அதாவது கட்டை. கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியதோ, அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சை வைத்துத்தான். அந்தக் கணக்கை நாள், நேரம், காற்றின் திசையோடு எழுதிவைத்த ஏடு லாக்புக் ஆனது. புயலடித்தாலும் எழுதியாக வேண்டும்; கையால்தான்.

அந்த லாக்கை இணையத்துக்கு இழுத்து 1997 டிசம்பரில் 'வெப்லாக்' என்று பெயர் வைத்தவர் ஜோர்ன் பார்கர். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை வேடிக்கையாக 'வீ பிளாக்' (we blog) என்று உடைத்துப் போட்டார். 'வெப்' போய்விட்டது, அதன் கடைசி எழுத்து மட்டும் கட்டையோடு ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவையும் வர, சொல் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. வலைப்பூ காதுக்கு இனிமை. ஆனால் நாள் போட்டு எழுதிவைப்பது என்ற கருத்து பூவில் எங்கே இருக்கிறது? என் ஓட்டு வலைப்பதிவுக்கு. பதிதல் என்றால் அழுந்துதல். ஈர மண்ணில் கால் பதிகிறது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் அழுத்திப் பதியம் போடுகிறோம். ஓலையில் எழுத்தாணி செய்ததும் இதைத்தான்: முதலில் கீறல், அப்புறம் கரியோ மஞ்சளோ தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். மூலச் சொல்லில் இருந்த 'தவறாமல் குறித்துவைத்தல்' பதிவில் அப்படியே வந்துவிட்டது. கூடவே, கை கொடுத்த அழுத்தமும் வந்திருக்கிறது.

'எழுது' என்ற வினை இன்னும் பழைய கதை. பழந்தமிழில் அது வரைதலும் தீட்டுதலும்கூட. மேனியில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள், கண்ணில் மை எழுதினார்கள். மை எழுதும்போது கோலைக் காணாத கண்ணைப் பற்றிக் குறள் (1285) சொல்கிறதே, அந்த 'எழுதுங்கால்' இதுதான். ஆக, எழுத்து என்ற சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது. நாம் அதன்மேல் இன்னொரு கையைச் சேர்த்துக் கையெழுத்து என்று சொல்லி, அதையும் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். 'அவள் கையெழுத்து அழகு' என்பது ஒன்று, 'இங்கே கையெழுத்து போடுங்கள்' என்பது வேறு. இரண்டாவதற்குக் கையொப்பம் என்று எழுதினால் குழப்பம் தீரும்.

இப்போது பேச்சைக் கவனியுங்கள். நோட்டில் எழுதியவர் 'எழுதினேன்' என்கிறார். இணையத்தில் எழுதியவர் 'ஒரு பதிவு போட்டேன்' என்கிறார். போடுவது என்றால் கோலம் போடுவதைப்போலக் கைவாக்கில் நடப்பது, பெரிதாக மெனக்கெடாதது. அதிலும் சும்மா பொழுதுபோக்குக்குப் போட்டதற்குப் பதிவர்கள் வைத்த பெயர் மொக்கைப் பதிவு. மொக்கை என்றால் முனை மழுங்கியது. கத்தி மொக்கை, பென்சில் மொக்கை. விசைப்பலகையில் மழுங்க முனையே இல்லை, ஆனாலும் குறை சொல்ல வேண்டிய நேரத்தில் வாய்க்கு வந்தது பென்சில்காரரின் சொல். எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி இது.

நான் இன்னும் முதல் படியை நோட்டில்தான் எழுதுகிறேன். அடித்த வரி அடித்தபடியே கிடப்பதால் முந்தைய யோசனையையும் படிக்க முடிகிறது. திரையில் அழித்தால் போச்சு.

எழுதுபவரை என்ன சொல்வது? வலைப்பதிவர், சுருக்கமாகப் பதிவர். எழுதுவதை 'பதிவிடுதல்' என்று வினையாகவும் ஆக்கலாம். வலைப்பூவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.