காலைப் பிடித்துக்கொண்டு போடுகிற அந்த நூறு சிட்-அப்ஸை நிறுத்துங்கள்

ஒரே மாதத்தில் முதுகு வலியோடு என் பிசியோ கிளினிக்குக்கு வந்த நாலாவது பையன் இவன். அதனால்தான் கிளினிக்கை மூடிய கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலக்கோடு பக்கத்துக் கிராமம், வயது 21, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஒன்றரை வருடமாகத் தயாராகிறவன். பிசிக்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உள்ளே வந்தான். இன்னொரு கையில் எம்ஆர்ஐ கவர். உட்காருவதற்கு முன்பே, "டிஸ்க் விலகிடுச்சு சார், இனிமே ஓடவே கூடாதாம்" என்றான். கூட வந்த அப்பா ஒன்றும் பேசவில்லை, கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் என்னென்ன செய்கிறாய் தம்பி என்று கேட்டேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல், அப்புறம் "ஆப்ஸ் டெய்லி நூறு போடறேன் சார்." எப்படி? "ஃப்ரெண்டு கால் மேல உக்காந்துக்குவான், நான் கையைத் தலைக்குப் பின்னாடி கோத்துக்கிட்டு எழுந்து முட்டியைத் தொடுவேன்." எத்தனை மணிக்கு? "அஞ்சு மணிக்கு சார். கிரவுண்டுக்குப் போனதும் மொதல்ல அதான்."

முன்னால் வந்த மூன்று பேரும் இதையேதான் சொன்னார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு கிரவுண்டு, ஆனால் அதே நூறு, அதே ஐந்து மணி, காலைப் பிடிக்க அதே மாதிரி ஒரு நண்பன். சொல்லிக் கொடுத்தது யார் என்றால் ஒரு சீனியர் அண்ணன். அந்த அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னொரு அண்ணன்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிற காவலர் உடல்தகுதித் தேர்வில் சிட்-அப்ஸ் எங்கே இருக்கிறது? ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும், 100 மீட்டரோ 400 மீட்டரோ ஓட வேண்டும். அக்னிவீர் ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடி பள்ளம் தாண்டுவது, வளைந்து வளைந்து போகும் கட்டைமேல் நடப்பது. ஒன்றிலும் சிட்-அப்ஸ் கிடையாது. பரீட்சையில் வராத கேள்விக்காக முதுகைக் கெடுத்துக்கொண்டு, வருகிற கேள்விக்கு ஓட முடியாமல் நிற்கிறார்கள். பல வருடம் சிட்-அப்ஸை வைத்திருந்த அமெரிக்க ராணுவமே 2022-இல் கொண்டுவந்த தேர்வில் அதை எடுத்துவிட்டு, முழங்கையை ஊன்றி உடம்பைக் கட்டை மாதிரி நேராகப் பிடிக்கிற பிளாங்க் வைத்தது.

"கோர்னா சிக்ஸ் பேக் தானே சார்?" தினமும் இந்தக் கேள்வி வருகிறது. இல்லை. கண்ணாடியில் தெரிகிற அந்தக் கட்டி கட்டியான தசை, கோர் என்கிற கூட்டத்தில் ஒரே ஒரு ஆள். பக்கவாட்டில் சாய்வாக ஓடுகிற தசைகள், அதற்கு உள்ளே வயிற்றைச் சுற்றிப் பட்டை மாதிரி இருக்கிற தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டி எலும்புக்கு எலும்பு பிடித்திருக்கிற சின்னச் சின்னத் தசைகள், மேலே மூச்சு விடுகிற உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், எல்லாம் சேர்ந்ததுதான் கோர். திருவிழாவுக்கு நடுகிற கம்பத்தை நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி. ஒரு பக்கக் கயிற்றை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் கம்பம் நிமிர்ந்து நிற்குமா?

இந்தத் தசைகளின் முக்கியமான வேலை முதுகை வளைப்பது இல்லை, கையும் காலும் வேகமாக வேலை செய்யும்போது முதுகு வளையாமல் பிடித்துக்கொள்வது. கபடியில் ரெய்டர் ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போது, பவுலர் முன்காலை ஊன்றும்போது, ஓடுகிறவனின் ஒவ்வொரு அடியிலும், கோர் பிடித்து நிற்கிறது. அதற்கு வேண்டியது வேகமாக நூறு தடவை மடங்குவது இல்லை, அசையாமல் தாங்குகிற சக்தி. ஆயிரம் சிட்-அப்ஸ் போட்டாலும் இது வராது. அப்புறம், தொப்பை குறையும் என்று போடுகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிற, நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிற, வண்டியில் உட்கார்ந்தே வருகிற 40 வயது ஆட்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் காலைச் செருகிக்கொண்டு இதைப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

முதுகெலும்பின் இயக்கத்தைப் பல வருடம் ஆராய்ந்த கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் அளந்து பார்த்ததில், ஒரு முழு சிட்-அப் போடும்போது கீழ்முதுகின்மேல் விழுகிற அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன், ஏறத்தாழ 330 கிலோ பாரம். காலைப் பிடித்துக்கொண்டால் முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகிற தசை முதுகெலும்பை இன்னும் இழுக்கும். அதிலும் காலை ஐந்து மணி என்பது இருப்பதிலேயே மோசமான நேரம். ராத்திரி படுத்திருக்கும்போது, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த உடனே அளந்தால் நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூட இருக்கும். அந்த நேரத்தில் மடங்கினால் டிஸ்க்குக்கும் அதைப் பிடித்திருக்கிற நார்களுக்கும் இழுவிசை அதிகம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் குனிந்து செய்கிற பயிற்சி எதுவும் வேண்டாம், நடந்து, மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குனிவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, முதுகு குனிவதற்காகவும்தான் இருக்கிறது. பாரத்தோடு, விடியற்காலையில், தினமும் நூறு தடவை என்பதுதான் என் கவலை.

அந்த எம்ஆர்ஐக்கு வருகிறேன். "டிஸ்க் பல்ஜ்" என்று எழுதியிருந்தது, அதாவது டிஸ்க் கொஞ்சம் வெளியே புடைத்திருக்கிறது. 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதில் 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்திலாவது பல்ஜ் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கு! டிஸ்க் என்பது நழுவி ஓடிவிடுகிற சோப்புக் கட்டி இல்லை, மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் ஒட்டியே இருக்கிறது. "விலகிடுச்சு" என்ற வார்த்தையை நம் ஆட்கள் சொல்கிற விதத்தில்தான் பையன்கள் பாதி செத்துவிடுகிறார்கள். சக பிசியோக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அந்த வார்த்தையை விட்டுவிடுவோம். ரிப்போர்ட்டை அல்ல, ஆளைப் பாருங்கள். அந்தப் பையனுக்குக் காலில் மரமரப்பு இல்லை, பலம் குறையவில்லை. அதை அவன் அப்பாவிடம் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பெல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வருடமாக பெல்ட்டோடு தூங்கி எழுகிறவர்கள் இருக்கிறார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இடுப்பு பெல்ட்டையும், முதுகை இழுத்து வைக்கிற சிகிச்சையான டிராக்‌ஷனையும் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. உங்கள் உடம்பிலேயே ஒரு பெல்ட் இருக்கிறது, அதற்கு வேலை கொடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? மெக்கில் சொல்கிற மூன்று பயிற்சிகளைத்தான் நானும் சொல்லித் தருகிறேன். பத்து நிமிட வேலை, ஒரு பாய் போதும். மூன்றிலும் வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. யாரோ வயிற்றில் செல்லமாக ஒரு குத்து விடப் போகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீர்களோ அப்படி, லேசாக. மூச்சை அடக்காதீர்கள், பேச முடிய வேண்டும்.

முதலாவது கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பள்ளம் தட்டையாகக் கூடாது. தலையும் தோளும் ஒரே கட்டையாகத் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் எழும்பினால் போதும். பத்து விநாடி. "இவ்வளவுதானா சார்" என்று கேட்பார்கள், ஆறாவது தடவையில் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது சைடு பிளாங்க். ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து தூக்கிப் பிடியுங்கள், முழங்கை தோளுக்கு நேர் கீழே. வலி வந்து தேறுகிறவர்கள் முட்டியை மடக்கி ஆரம்பிக்கலாம், போகப் போகக் காலை நீட்டலாம். ஆரோக்கியமான இளைஞர்கள் காலை நீட்டிய நிலையில் சராசரியாக ஒன்றரை நிமிடம் தாங்குகிறார்கள், பெண்கள் ஒன்றேகால் நிமிடம். நம் பையன், வலி அடங்கிப் பத்து நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது வலது பக்கம் 34 விநாடி, இடது பக்கம் 11. வயிற்றில் கட்டி கட்டியாகத் தசை தெரிகிறது, ஆனால் 11 விநாடியில் உடம்பு உதறுகிறது. இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஓடும்போது முதுகு என்ன பாடுபட்டிருக்கும்!

மூன்றாவது பேர்ட் டாக். குழந்தை தவழ்கிற மாதிரி கையும் முட்டியும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுங்கள், அப்புறம் மாற்றுங்கள். காலை மேலே தூக்குவது நோக்கம் இல்லை, பின்னால் தள்ளுவதுதான். நான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி இடுப்பின்மேல் வைப்பேன். பையன் காலை நீட்டிய நொடியில் டம்ளர் உருண்டு முதுகெல்லாம் தண்ணீர். இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் பத்து நிமிடம் விளக்கியது புரியாமல் இருந்தவனுக்கு அந்த டம்ளர் ஒரு நொடியில் புரியவைத்தது. ஒவ்வொன்றிலும் பத்து விநாடி வீதம் ஆறு தடவை, கொஞ்சம் ஓய்வு, நான்கு தடவை, ஓய்வு, இரண்டு தடவை. நேரத்தைக் கூட்டாதீர்கள், தடவையைக் கூட்டுங்கள். வலி கூடினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

"எனக்கு எதுக்கு சாமி எக்சர்சைஸு, கொல்லையில செய்யாத வேலையா?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். நாள் முழுக்கக் குனிந்து தக்காளி பறிக்கிறவர். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் கொல்லை வேலை முழுக்க ஒரே பக்கமாகக் குனிகிற வேலை. இவரைப் போன்றவர்களுக்கும், மாங்காய் சீசனில் கிரேட் பெட்டி தூக்குகிறவர்களுக்கும், பயிற்சியைவிட முதலில் தூக்குகிற விதத்தைச் சொல்லித் தருகிறேன். அதில் ஒரு சிக்கல். "இடுப்பை மடக்கித் தூக்குங்க" என்றால் எல்லோரும் கீழ்முதுகைத்தான் மடக்குகிறார்கள், ஏனென்றால் நம் பேச்சில் இடுப்பு என்றாலே அந்த இடம்தான், இடுப்பு வலி என்றுதானே முதுகு வலியைச் சொல்கிறோம். அதனால் இப்போது "தொடை வயிற்றோடு சேருகிற இடத்தில் மடங்குங்கள், பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிற மாதிரி பின்பக்கத்தைத் தள்ளுங்கள்" என்கிறேன். கிரேட் உடம்பை ஒட்டி இருக்கட்டும். தூக்கிய பிறகு முதுகைத் திருப்பாதீர்கள், காலைத் திருப்புங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் மேலே நீட்டி மூச்சு விட்டால் மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். பயிற்சி பிடிக்காதவர்கள் நடக்கவாவது நடங்கள். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது, நடக்கப் பழக்கியவர்களுக்கு வலி திரும்பி வர ஆன காலம் நடுமதிப்பாக 208 நாள், மற்றவர்களுக்கு 112.

விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கபடிப் பெண்களுக்கு முட்டி அடிபட்டால் முட்டியை மட்டும் பார்க்கிறோம். குதித்து இறங்கும்போது மேல்உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் பாரம் முழுக்க அந்த முட்டிக்குத்தான் போகும். வாரத்தில் மூன்று நாள் வார்ம்-அப்பிலேயே இந்தப் பயிற்சிகளைச் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் ஒரே நாளில் மூன்று மேட்ச் பவுலிங் போடுகிற 16, 17 வயதுப் பையன், பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் கீழ்முதுகில் வலிக்கிறது என்றால், தயவுசெய்து பயிற்சி கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். பும்ராவுக்கு 2019-இல் வந்தது அதுதான், 2022 டி20 உலகக் கோப்பையை முதுகால் இழந்தார், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. அவ்வளவு பயிற்சி உள்ளவருக்கே வரும். கோர் பலமாக இருக்கிறது என்பதற்காக எத்தனை ஓவர் வேண்டுமானாலும் போட முடியாது.

இன்னும் சில, இவற்றுக்கு என்னிடம்கூட வராதீர்கள், நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தருமபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. சிறுநீர் வராமல் அடைப்பதோ தெரியாமல் போவதோ, உட்காருகிற இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது, இரண்டு காலும் பலம் குறைவது, இதெல்லாம் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. வலியோடு காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள்.

அந்தப் பையன் இந்தத் தடவை பிசிக்கலுக்குப் போகவில்லை. ஏழு வாரத்தில் இடது பக்கம் 52 விநாடி வந்திருக்கிறது, போன திங்கட்கிழமையிலிருந்து மெதுவாக ஓடுகிறான். காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவானே, அந்த நண்பனையும் கூட்டிவந்தான், அவனுக்கும் லேசாக வலி ஆரம்பித்திருக்கிறது. அடுத்த பேட்ச்சுக்குத் தயாராகிற தம்பிகளே, தங்கைகளே, சிட்-அப்ஸுக்குக் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தை இந்த மூன்றுக்குக் கொடுங்கள், ஓட்டம் முடிந்த பிறகு. வீட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வாருங்கள். அடி அகலமாக இருக்கட்டும், தண்ணீர் பாதிக்கு மேல் வேண்டாம்.