பிரீஎம்ப்ஷன்: சட்ட மேலோங்கல்

அமெரிக்காவில் புகையிலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கா மாநிலங்களுக்கா என்ற வழக்கு எழும்போதெல்லாம் 'பிரீஎம்ப்ஷன்' என்ற சொல் அடிபடும். கூட்டாட்சிச் சட்டம் தனக்கென எடுத்துக்கொண்ட பொருளில் மாநிலச் சட்டம் செல்லாமற்போவதையே அது குறிக்கிறது.

இலத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'எமெரே' என்றால் வாங்குதல். பிறருக்கு முன்னதாக வாங்கும் உரிமை என்பதே சொல்லின் பழம்பொருள். 1841-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிலத்தில் குடியேறியவர்கள் அது ஏலத்துக்கு வருமுன்பே 160 ஏக்கர் வரை, ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற குறைந்தபட்ச விலையில் வாங்கிக்கொள்ள இடமளித்தது இந்தப் பொருளில்தான். அரசியலமைப்புத் துறையில், கூட்டாட்சிச் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம் என்னும் ஆறாம் உறுப்பைச் சார்ந்து இச்சொல் இன்றைய பொருளைப் பெற்றது.

இதனை 'முன்னுரிமை' என்று மொழிபெயர்ப்பது தவறு. முன்னுரிமை என்றால் மாநிலச் சட்டம் இரண்டாம் இடத்திலாவது உயிரோடிருக்கும் என்று தோன்றும். இங்கோ அது விழுந்தே போகிறது. 'சட்ட மேலோங்கல்' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. கூட்டாட்சிச் சட்டமே அதனை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் 'வெளிப்படை மேலோங்கல்' எனலாம்.

மேலோங்கல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அந்தந்தச் சட்டப்பிரிவின் சொற்களைப் பொறுத்தது. உரிய எச்சரிக்கை வாசகம் தாங்கிய சிகரெட்டுகளின் விளம்பரத்துக்கு, உடல்நலத்தைக் காரணம் காட்டி மாநிலங்கள் தடை விதிக்கக் கூடாது என்றது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளிகளுக்கு 1,000 அடிக்குள் வெளிப்புற விளம்பரம் கூடாது என்று மாசசூசெட்ஸ் வகுத்த விதி, சிகரெட்டைப் பொறுத்தவரை இதனால் செல்லாது என 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிரிவு சிகரெட்டை மட்டுமே பெயர் சொல்லியதால், சுருட்டுக்கும் புகையில்லாப் புகையிலைக்குமான அதே விதியை மேலோங்கல் தொடவில்லை. அந்த விதி பேச்சுரிமையின் பேரில் வீழ்ந்தது. குழந்தைகளைக் காக்க வந்த விதி இப்படி ஒரு சொல்லில் சிக்கி வீழ்ந்தது வருந்தத்தக்கதே.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையைத் திருத்தி வரைந்தது. புகையிலைப் பொருளின் தரத்தையும் முகப்புச் சீட்டையும் (லேபிள்) கூட்டாட்சி அரசு தன்வசம் வைத்துக்கொண்டு, விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 'காப்புப் பிரிவு' ஒன்றின்வழி மாநிலங்களுக்கு விட்டுவைத்தது. சிகரெட் விளம்பரத்தின் நேரம், இடம், முறை ஆகியவற்றை, உள்ளடக்கத்தைத் தொடாமல், மாநிலங்கள் வரையறுக்கவும் இசைந்தது. சுவையூட்டிய புகையிலையின் விற்பனைக்குக் கலிபோர்னியா விதித்த தடையும், 2022-இல் அதனை உறுதிசெய்த மக்கள் வாக்கெடுப்பும் இந்தக் காப்புப் பிரிவு தரும் இடத்திலேயே நிற்கின்றன.